ஏலமலைக்கு ஏறிய உழைப்பு: கம்பம் பள்ளத்தாக்கின் இடப்பெயர்வு வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு பெரும்பாலும் தண்ணீரின் வரலாறாகவே எழுதப்பட்டுவந்துள்ளது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான குத்தகை ஒப்பந்தம், அதில் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் 999 ஆண்டுகளுக்குப் பேசப்பட்ட வாடகை, ஜான் பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் எழும்பி 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, அரபிக்கடலை நோக்கி ஓடிய ஆறு மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியதால் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நெல்வயல் என்று அந்த வரலாறு ஒரே சீராகச் சொல்லப்படுகிறது. அதே மலைத்தொடரின் கணவாய்கள் வழியே எதிர்த்திசையில், கீழிருந்து மேலாக, ஒன்றரை நூற்றாண்டுக்கும் குறையாமல் ஏறிக்கொண்டிருக்கும் இன்னொரு ஓட்டம் உண்டு. அது மனித உழைப்பின் ஓட்டம். அணையின் நீர்மட்டம் நாள்தோறும் அடிக்கணக்கில் குறித்துவைக்கப்படுகிறது. மலையேறும் கூலியாட்களின் கணக்கை அந்த அக்கறையோடு குறித்துவைத்தவர்கள் குறைவு.

தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், ஏறத்தாழ 3,000 அடிக்கு மேல் சுவர்போல எழும் மலைக்கு அப்பால் இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்கள் அமைந்துள்ளன. மலைச்சுவரின் உச்சியில் பாதை மறுபுறம் திரும்பும் இடத்தைப் பள்ளத்தாக்கு மக்கள் ‘மெட்டு’ என்பர். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, கூடலூரையும் லோயர்கேம்பையும் கடந்து குமுளி ஆகிய மூன்றும் இன்று வாகனச் சாலைகள். தேவாரத்திலிருந்து சாக்கலூத்துமெட்டுக்கும் கோம்பையிலிருந்து ராமக்கல்மெட்டுக்கும் ஏறும் தடங்கள் இன்றும் நடைபாதைகளாகவே கருதப்படுகின்றன. மலைக்கு அப்பாலுள்ள நிலம் அரபிக்கடல் பக்கம் சாய்ந்திருப்பினும், தொடுபுழாவிலிருந்தோ கோட்டயத்திலிருந்தோ அடர்காட்டைக் கடந்து அங்கு வருவதைவிடக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் செங்குத்தாக ஏறிச் செல்வது நெடுங்காலம் எளிதாக இருந்தது. மலைநாட்டின் ஆட்சி மேற்கிலிருந்தும் அரிசியும் ஆளும் கிழக்கிலிருந்தும் வந்ததற்கு இந்த நில அமைப்பே முதற்காரணம்.

தேயிலைக்கு முன்னரே ஏலக்காய் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் திருவிதாங்கூரில் ஏலக்காய் அரசின் ஏகபோகச் சரக்கு. பயிரிடுபவர் விளைச்சலை அரசு ஊழியர்களிடம் ஒப்படைத்துத் தமக்குரிய பங்கை விலையாகப் பெற, சரக்கு ஆலப்புழைக் கிடங்குக்குச் சென்று அங்கே விற்பனையாகும். அந்தப் பயிர்க்காரர்களில் பெரும்பாலோர் மதுரைச் சீமையைச் சேர்ந்தவர்கள், அதாவது கம்பம், கூடலூர், போடிப் பகுதிகளிலிருந்து பருவத்தில் மேலேறிக் காட்டு மரநிழலில் கீழ்ச்செடிகளை வெட்டி ஏலத்துக்கு இடம் ஒதுக்கி, காய் எடுத்து, கீழிறங்கிவிடும் குடியானவர்கள். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சி ஆண்டு முழுவதும் மேலே தங்குவோர் அரிது. அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஏகபோகம் கைவிடப்பட்டு நிலவரி முறை வந்தபோது, மரங்களை அழிக்காமல் அவற்றின் நிழலில் ஏலம் பயிரிடும் உரிமையோடு கூடிய ஏலமலைக் காடுகள் என்ற தனிவகை நிலம் உருவாயிற்று. அந்நிலம் காடா தோட்டமா என்னும் வழக்கு இன்றுவரை நீதிமன்றப் படிகளை விட்டு இறங்கவில்லை என்பதை மட்டும் இங்குச் சுட்டினால் போதும்.

தேயிலையின் கதை வேறு. திருவிதாங்கூர் அரசின் அலுவலராக ஏலமலைப் பகுதிகளோடு பழகியிருந்த ஜே. டி. மன்றோ, 1877இல் பூஞ்ஞாறு அரசகுடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகள் எனப்பட்ட பெரும்பரப்பைப் பெற்றார். 1879இல் அவரும் கூட்டாளிகளும் அமைத்த வேளாண் சங்கம் சின்கோனா, காப்பி என்று பலவற்றையும் நட்டுப்பார்த்தது; இறுதியில் நிலைத்தது தேயிலை. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாகி, ஃபின்லே குழுமத்தின் கீழ் மூணாறு ஒரு தேயிலை நகரமாயிற்று. அங்கு விளைந்த தேயிலை கொச்சிக்குப் போகவில்லை. குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி மலைச்சரிவில் கொட்டகுடிக்கு இறங்கி, பின்பு மாட்டு வண்டியில் போடிக்கும் அதற்கப்பால் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் சென்றது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துச்சென்றது. சரக்கு இறங்கிய அந்தத் தடத்தில்தான் ஆட்கள் ஏறினர். அவர்கள் கம்பம் பள்ளத்தாக்கினர் மட்டுமல்லர், திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி ஊர்களிலிருந்து போடிக்கு வந்து சேர்ந்தவர்களும் பலர்.

ஆள் திரட்டும் ஏற்பாட்டுக்குக் கங்காணி முறை என்று பெயர். இலங்கை மலையகத்திலும் மலாயாவிலும் வழங்கிய அதே முறைதான் இங்கும் வழங்கியது. கடல் மட்டும் இடையில் இல்லை. கங்காணி என்பவர் தோட்டத்துரையிடம் முன்பணம் வாங்கித் தன் சொந்த ஊரிலும் சுற்றூர்களிலும் உறவுக்காரர், சாதிக்காரர், கடன்பட்டவர் என்று குடும்பங்களைச் சேர்த்து, அந்த முன்பணத்திலிருந்து ஊர்க் கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் கொடுத்து, கூட்டமாக மலைக்கு அழைத்துச் செல்பவர். மேலே சென்றபின் அவரே மேற்பார்வையாளர். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் ‘பெரட்டு’ அவர் முன்னிலையில் நடக்கும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தோட்டம் அவருக்குத் தரகு கொடுக்கும். தொழிலாளிக்கு வாரந்தோறும் கிடைத்தது அரிசியும் ‘செலவு’ எனப்பட்ட சிறுதொகையும் மட்டுமே. எஞ்சிய கூலி ஒப்பந்தக்காலம் முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில்தான் கைக்கு வரும். அதற்குள் முன்பணமும் அரிசி விலையும் கம்பளி விலையும் கழிக்கப்பட்டிருக்கும். கணக்கு எழுதியவர் ஒரு பக்கமும் கைநாட்டு வைத்தவர் மறுபக்கமும் நின்ற இந்த ஏற்பாட்டில், கடன் தீராமலே அடுத்த ஆண்டும் மலையேற வேண்டியிருந்தது விபத்தன்று. ஆள் நிலைத்திருக்க வேண்டும் என்ற தோட்டத்தின் தேவைக்கு அந்தக் கடனே காவல் நின்றது.

கடனுக்குப் பின்னால் சட்டம் நின்றது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அதை உரிமையியல் வழக்காகக் கொள்ளாமல் குற்றமாகவே கருதித் தண்டிக்க வழிசெய்த 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் 1920களின் நடுப்பகுதி வரை நடப்பிலிருந்தது. அதை ஒத்த ஒழுங்குமுறை திருவிதாங்கூரிலும் இருந்தது. இந்தக் கெடுபிடிகளை அறிந்தும் மக்கள் ஏறினர் என்றால், கீழே விட்டுவந்தது எத்தகைய வாழ்வு என்று கேட்பது முறை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாதுவருஷப் பஞ்சம், நிலமற்ற பள்ளர், பறையர், சக்கிலியர் குடிகளைப் பண்ணையடிமைத்தனத்தில் கட்டிவைத்த ஊர் வழக்கம், மழை பொய்த்தால் வட்டிக்கடையைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத மானாவாரி நிலம் ஆகியவை அவர்களைக் கீழிருந்து தள்ளின. மதுரைப் பகுதியின் பிரமலைக் கள்ளர்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது: குற்றப்பரம்பரைச் சட்டம், மக்கள் வழக்கில் ரேகைச் சட்டம், இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் அவர்கள்மீது பாய்ந்து 1947 வரை நீடித்ததால், பதிவுசெய்யப்பட்ட ஆண் இரவில் ஊரைவிட்டு வெளியே தங்குவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. பிழைப்பு தேடி மலையேறுவது எல்லாச் சாதிக்கும் ஒரே மாதிரியான விடுதலையாகவோ ஒரே மாதிரியான கட்டாயமாகவோ இருக்கவில்லை.

இங்கே இரண்டு வகையான இடப்பெயர்வுகளைப் பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதாலேயே பின்னாளின் அரசியல் வாதங்கள் பலவும் தடம் மாறின. தேயிலையில் கொழுந்து ஆண்டு முழுவதும் தளிர்க்கும். பறித்த இலை அன்றே ஆலைக்குப் போக வேண்டும். ஆகவே தோட்டத்துக்கு அருகிலேயே குடியிருக்கும் ஆட்கள் வேண்டும். நீண்ட கூரையின் கீழ் ஒற்றை அறைகளாகத் தடுத்துக் கட்டிய ‘லயம்’ என்னும் குடியிருப்பு அந்தத் தேவையிலிருந்து பிறந்தது. அதில் குடும்பம் தங்கிற்று, பிள்ளை பிறந்தது, பிள்ளையும் கொழுந்து பறிக்கச் சென்றது. ஏலத்தில் நிலைமை வேறு. தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. ஜூன், ஜூலையில் தொடங்கி அடுத்த ஆண்டின் தொடக்கம் வரை, ஒரு மாதம் அல்லது ஒன்றரை மாத இடைவெளியில் ஒரே செடிக்கு மீண்டும் மீண்டும் வந்து, முற்றிய காயை மட்டும் தொட்டறிந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் பழகிய கை ஏராளமாக வேண்டும், ஆனால் எல்லா நாளும் வேண்டியதில்லை. எடுத்த பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ உலர்காய் என்ற கணக்கில் ‘ஸ்டோர்’ எனப்படும் வெப்ப அறையில் உலரும். பருவத்துக்கு வந்து பருவம் முடிந்தால் இறங்கும் ஆள், அல்லது அன்றன்று வந்து அன்றன்று திரும்பும் ஆள் ஏலத்தோட்டத்துக்குப் போதும். தேயிலை குடியேற்றத்தை உண்டாக்கியது. ஏலம் போக்குவரத்தை உண்டாக்கியது.

முதலும் கிழக்கிலிருந்தே ஏறியது என்பது பள்ளத்தாக்கின் தனித்தன்மை. மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற உழவுத்தொழிலாளரின் கதையில் உழைப்பு தெற்கிலிருந்தும் நிலமும் பணமும் வடக்கிலிருந்தும் வந்தன. எல்லைக்கோடே வர்க்கக்கோடாகவும் இருந்தது. ஏலமலையில் நெடுங்காலம் அப்படியில்லை. போடி, கம்பம், தேவாரம் ஊர்களின் வணிகக் குடும்பங்களும் நிலக்கிழார்களும் மேலே தோட்டம் வாங்கினர், காட்டைக் குத்தகைக்கு எடுத்தனர், சிறு பயிர்க்காரர்களுக்கு விளைச்சலின் பேரில் கடன் கொடுத்தனர். 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தபின், ஏலக்காய் ஆலப்புழைக்குப் போகும் பழைய ஏற்பாடு தேய்ந்து, போடி அதன் பெருஞ்சந்தையாயிற்று. ஏலம் விளையாத சமவெளி ஊரில் இந்தியாவின் முக்கிய ஏலக்காய் விற்பனைக் கூடங்களில் ஒன்று அமைந்தது இப்படித்தான். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இன்று மலைமேல் புற்றடியிலும் மலையடியில் போடியிலும் நடைபெறுகிறது. எனவே மலைக் கூலி கீழிறங்கிவந்து பள்ளத்தாக்கின் மளிகைக் கடையில் செலவானது போலவே, மலை இலாபமும் கீழிறங்கிப் போடியின் மாடிவீடுகளாகவும் பள்ளிக் கட்டடங்களாகவும் ஆனது. தொழிலாளியும் முதலாளியும் ஒரே சந்தையூரைச் சேர்ந்தவர்களாக இருந்ததால் கூலித் தகராறு சாதித் தகராறாக உருமாறுவதும் எளிதாக இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தச் சித்திரம் இனிப்பாகிவிடும்.

இரண்டாம் உலகப்போர் இந்த அமைப்பைக் குலைத்தது. பர்மா அரிசி நின்றுபோக, உணவுக்கு வெளியிடத்தை நம்பியிருந்த திருவிதாங்கூர், 1940களில் மலைக்காட்டு நிலங்களை உணவுப்பயிர் சாகுபடிக்குக் குத்தகையாக வழங்கத் தொடங்கிற்று. மத்திய திருவிதாங்கூரின் நெருக்கடியான ஊர்களிலிருந்து, பெரும்பாலும் சிரியன் கிறித்துவச் சிறு உழவர்கள், மரவள்ளியும் குறுமிளகும் நட்டுக்கொண்டு மேற்கிலிருந்து மேலேறினர். முதன்முறையாக மலைநாட்டில், கீழே இறங்கும் எண்ணமே இல்லாத ஒரு குடியேற்றம் வேர்விட்டது. மொழிவழி மாநிலப் பிரிவினை நெருங்கிய 1950களின் நடுவில், பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு கல்லாறு போன்ற இடங்களில் அரசே முன்னின்று குடியேற்றத் திட்டங்களை நடத்தியபோது, அதன் நோக்கம் உணவு மட்டுமா என்ற ஐயம் தமிழர் தரப்பில் எழுந்தது. அந்த ஐயத்துக்கு அடிப்படை இருந்தது என்றே கருத வேண்டியுள்ளது.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியது. தடையை மீறி மூணாறு சென்ற நேசமணி உள்ளிட்ட தலைவர்கள் 1954இல் கைது செய்யப்பட்டனர். தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை. ஆயினும் 1955இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், பசல் அலி ஆணையம் என்று பரவலாக அறியப்படுவது, அங்குள்ள தமிழர்களில் பெரும்பகுதியினர் வந்துபோகும் தோட்டத் தொழிலாளர்கள் என்ற காரணத்தையும் பொருளாதாரக் காரணங்களையும் முன்வைத்து அவ்வட்டங்களைக் கேரளத்துக்கே விட்டது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. மலை வட்டங்கள் வரவில்லை. மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்த தேயிலைத் தொழிலாளியும் காய் எடுப்புக்கு மட்டும் ஏறிய பருவக் கூலியும் ஒரே சொல்லில் அடக்கப்பட்டதன் விலை அது. ஆள் வந்துபோகிறான் என்பது உண்மை. அவன் வந்துபோகும்படி கூலியையும் குடியிருப்பையும் அமைத்தவர்கள் யார் என்பதை ஆணையம் கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை.

எல்லை வகுத்தபின்னும் ஓட்டம் நிற்கவில்லை. அரசியலிலும் அது தொடர்ந்தது. 1957 தேர்தலில் தேவிகுளத்தில் பெற்ற வெற்றி செல்லாது என்று அறிவிக்கப்பட்டதால், 1958இல் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் மீண்டும் இடைத்தேர்தலைச் சந்தித்து வென்றார். கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அமைச்சரவைக்கு அந்த ஓர் இடம் பெரும்பான்மைக் கணக்கில் முக்கியமாக இருந்தது. தோட்டத் தமிழரிடம் வாக்குக் கேட்கக் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கைகொடுத்தவர் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன், இசையமைப்பாளர் இளையராஜாவின் மூத்த சகோதரர். கூலிப்பாட்டின் மெட்டுகளில் அரசியலைப் பாடிய அவரது குழுவுக்கு அந்த வெற்றியில் பெரும் பங்கு உண்டு என்பது அக்கட்சியினரே ஏற்றுக்கொண்ட செய்தி.

மலைச்சாலைகள் செப்பமானதும் ஜீப்புகள் பெருகியதும் ஏலத்தோட்ட வேலையின் தன்மையையே மாற்றின. விடியுமுன் கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி ஆகிய ஊர்களின் தெருமுனைகளில் சோற்றுத்தூக்கோடு பெண்கள் கூடுவதும், அளவுக்கு மீறி ஆளேற்றிய ஜீப்புகள் கொண்டையூசி வளைவுகளில் ஏறுவதும், மாலையில் திரும்புவதும் அன்றாட நிகழ்வாயின. கங்காணியின் இடத்தில் இப்போது ஜீப் ஓட்டுநரோ ஆள் சேர்க்கும் பெண் மேஸ்திரியோ நிற்கிறார். முன்பணத்தின் பிடி முற்றாக மறையவில்லை என்றாலும் தளர்ந்திருக்கிறது. கேரளத்தின் கூலி பள்ளத்தாக்கின் வயற்கூலியைவிட உயர்ந்திருப்பதால், நாற்று நடவுக்கும் திராட்சைக் கவாத்துக்கும் வாழைத்தார் வெட்டுக்கும் ஆள் தேடும் பள்ளத்தாக்கு விவசாயி, மலைக் கூலியை ஒட்டியே தன் கூலியைப் பேச வேண்டியுள்ளது. ஆள் கிடைக்கவில்லை என்ற அவருடைய புலம்பல் உண்மையானதே. ஆனால் அந்தப் புலம்பலின் மறுபக்கம், ஊர்ப் பண்ணைக்கு வெளியே ஒரு கூலிச்சந்தை இருந்ததால் தலித் குடும்பங்கள் நிலக்கிழாரிடம் பேரம் பேசும் நிலைக்கு வந்தன என்பது. வாரக்கூலி பெண்ணின் கையிலேயே விழுந்ததும் சிறிய செய்தியன்று. அந்தப் பணம் மகளிர் குழுச் சேமிப்பாகவும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமாகவும் மாறிய வீடுகள் பல. மதுக்கடையில் கரைந்த வீடுகளும் உண்டு.

சந்தை விலையின் ஏற்றம் கூலியாக இறங்குவதில்லை. 2018 வெள்ளமும் அதைத் தொடர்ந்த வறட்சியும் விளைச்சலைக் குறைக்க, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை சென்றது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரத்தை ஒட்டி விழுந்தது. அந்த ஏற்றத்தில் நாட்கூலி அதற்கேற்ப உயரவில்லை. வீழ்ச்சியிலோ ஆட்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. உலக ஏலக்காய்ச் சந்தையில் ஏற்றுமதிக்கு முதலிடம் வகிக்கும் குவாத்தமாலா, மெக்சிகோவின் தெற்கு அண்டை நாடு. அங்குள்ள மேட்டுநிலத் தொழிலாளர் பருவந்தோறும் எல்லை கடந்து மெக்சிகோவின் சியாபாஸ் காப்பித் தோட்டங்களுக்குச் செல்பவர்கள். கோம்பைப் பெண்ணின் கூலியைத் தீர்மானிப்பதில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒப்பீடு இங்கே பயன்தரும். 1848 உடன்படிக்கையால் மெக்சிகோவின் வடபகுதி அமெரிக்காவுக்குச் சென்றபின், அந்த எல்லையின் பெரும்பகுதி நெடுங்காலம் காகிதக் கோடாகவே இருந்தது. 1942 முதல் 1964 வரை நடைபெற்ற பிராசெரோ திட்டத்தில், அதாவது மெக்சிகோ உழவுத்தொழிலாளரைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் வரவழைக்கும் அரசு ஏற்பாட்டில், ஏறத்தாழ 46 லட்சம் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. உள்நாட்டுத் தொழிலாளியின் கூலியை உயர்த்துவதற்காக என்று சொல்லி அது நிறுத்தப்பட்டது. பின்னாளில் பொருளியலாளர்கள் கூலிக் கணக்குகளை ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த உயர்வு ஏற்படவில்லை என்றும், தக்காளி போன்ற பயிர்களில் பண்ணைகள் அறுவடை எந்திரத்துக்கு மாறிக்கொண்டன என்றும் கண்டனர். ஏலத்துக்கு அந்த வழி திறந்ததில்லை. காய் முற்றியதைத் தொட்டறியும் எந்திரம் தோட்டத்துக்கு வரவில்லை. 1980களுக்குப் பின் எல்லைக் காவல் இறுக இறுக, ஆண்டுதோறும் வந்து திரும்பிய மெக்சிகோ தொழிலாளர் திரும்பிப் போனால் மீண்டும் நுழைய முடியாது என்று அஞ்சி அமெரிக்காவிலேயே தங்கிக் குடும்பத்தையும் வரவழைத்தனர் என்பது சமூகவியலாளர்கள் வலியுறுத்தும் முடிவு. அடைத்த எல்லை குடியேற்றத்தைப் பெருக்கியது. போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் நடந்தது அதன் மறுதலை: மாநில எல்லையில் வனத்துறைச் சாவடியும் கலால் சாவடியும் இருந்தன, ஆளைத் தடுக்கும் சாவடி இல்லை, ஆகவே ஏலத்தொழிலாளி மலையில் வீடு கட்டவில்லை, வாக்காளர் அட்டையையும் குடும்ப அட்டையையும் பள்ளத்தாக்கிலேயே வைத்துக்கொண்டார். திறந்த கணவாய் அவருக்கு வசதியைக் கொடுத்தது. மலைநாட்டில் அவருக்கென்று ஒரு குரல் உருவாவதை அதே வசதி தடுத்தது.

கணவாய் அடைபட்டபோது என்ன நிகழும் என்பதை இரு சந்தர்ப்பங்கள் காட்டின. 2011இல் இடுக்கிப் பகுதியில் உணரப்பட்ட நில அதிர்வுகளுக்குப் பின் முல்லைப் பெரியாறு அணையின் பாதுகாப்பு பற்றிய அச்சம் அரசியலாக்கப்பட்டு, டிசம்பரில் மலைமேல் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டனர், பலர் காட்டுப்பாதைகளில் நடந்தே இறங்கினர், பள்ளத்தாக்கு மக்கள் குமுளியை நோக்கித் திரண்டனர், சாலைகள் மறிக்கப்பட்டன. முற்றிய காய் செடியிலேயே நின்றது, கேரளத்துக்குச் செல்லும் காய்கறி கம்பத்தில் தேங்கியது, இரு பக்கத்திலும் நட்டம் அடைந்தவர்களே முதலில் சமரசம் நாடினர். அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தது. தாக்கப்பட்ட தொழிலாளரின் இழப்பு அந்த வழக்கின் பொருளாக இருந்ததில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கின்போது கணவாய்கள் இரண்டாம் முறை மூடப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், அசாம் மாநிலத் தொழிலாளர் ஏலத்தோட்டங்களுக்கு வரத் தொடங்கியிருந்தனர். அவர்கள் தோட்டத்திலேயே தங்குவதால், சாலை மூடினாலும் வேலை நிற்காது என்பதைத் தோட்டக்காரர்கள் கண்டுகொண்டனர். நூறாண்டுக்கு முன் தேயிலை கண்ட தீர்வை ஏலம் இப்போது கண்டிருக்கிறது.

மூணாறில் நிலைமை வேறு வழியில் முற்றியது. 2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்துக் கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண் தொழிலாளர், தொழிற்சங்கத் தலைவர்களையும் அண்டவிடாமல், ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் மூணாறு வீதியை நிறைத்தபோது நாட்கூலி 232 ரூபாய். அந்தப் போராட்டமும் அதைத் தொடர்ந்த பேச்சுகளும் அதை 301 ரூபாய்க்கு உயர்த்தின. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். நான்கு தலைமுறை உழைத்தும் அவர்கள் பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லை, ஓய்வு பெற்றால் லயத்தைக் காலிசெய்ய வேண்டும் என்ற செய்தி அப்போதுதான் சமவெளியின் நாளிதழ்களில் பரவலாக எழுதப்பட்டது.

நிலமில்லாத இந்தக் குடியேற்றம் சாதிச் சான்றிதழில் விசித்திரமான ஒரு வடிவம் எடுத்தது. பட்டியல் சாதிகளை மாநிலவாரியாக வரையறுத்த குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது; அந்நாளுக்குப் பின் மாநிலம் மாறியவருக்குப் புதிய மாநிலத்தில் பட்டியல் சாதி உரிமை கிடைக்காது என்பது விதி. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தேவிகுளம் தொகுதியில் 2021இல் வென்ற ஏ. ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்று அறிவித்ததும், உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் அந்தத் தீர்ப்பை நீக்கி அவரது வெற்றியை உறுதிசெய்ததும் ஓரளவு இந்த விதியைச் சுற்றியே நடந்தன; அவருடைய மதம் பற்றிய கேள்வியோடு, அவருடைய தாத்தா பாட்டி 1950க்கு முன்பே தேயிலைத் தோட்டத்தில் குடியேறிவிட்டார்களா என்பதும் அங்கே வழக்குப் பொருளாயிற்று. கங்காணியின் பின்னால் கைநாட்டு வைத்து ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள், ஏறிய ஆண்டுக்கு ஆவணம் காட்ட வேண்டியிருக்கிறது. தினமும் ஜீப்பில் ஏறி இறங்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு உத்தமபாளையம் வட்டாட்சியர் அலுவலகம் தரும் சான்றிதழ், அதே தெருவிலிருந்து 1951இல் ஏறி இறங்காமல் மலையிலேயே தங்கிவிட்ட சித்தப்பாவின் பேத்திக்குத் தேவிகுளத்தில் கிடைப்பதில்லை.